அப்பாவின் சட்டைப்பையில் என் ஓடிபி

எனக்குச் சொந்தமாக ஒரு கம்பெனி இருக்கிறது. அதில் முதலாளி நான், வேலைக்காரி நான், போன் எடுக்கிற ஆளும் நான். குற்றாலத்தில் அறை தேடுகிறவர்களுக்கும் அறை வைத்திருக்கிறவர்களுக்கும் நடுவே ஓர் இணையதளம், அவ்வளவுதான். பெரிய ஹோட்டல் பக்கமெல்லாம் நான் போவதில்லை. எட்டு அறை, பத்து அறை வைத்துக்கொண்டு சீசன் மூன்று மாதத்தில் வருடம் முழுவதற்கும் சம்பாதித்தாக வேண்டிய சின்ன லாட்ஜுக்காரர்கள்தான் என் ஆட்கள். சென்னை வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்குத் திரும்பி வந்து, நான்கு வருடம் வீட்டு மாடியில் உட்கார்ந்து கட்டியது. கார்டு என்னுடையது. கார்டுக்குப் பின்னால் இருக்கிற பணம் நான் சம்பாதித்தது. ஆனால் இணையத்தில் பணம் கட்டும்போது வங்கி அனுப்புகிற ஆறு இலக்க எண் இருக்கிறதே, அந்த ஓடிபி, அது மட்டும் அப்பாவின் சட்டைப்பைக்குப் போய்விடும்.

கல்லூரியில் சேர்ந்தபோது திறந்த கணக்கு அது. விண்ணப்பத்தில் செல்பேசி எண் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையின் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை யாரும் யோசித்து நிரப்புவதில்லை. அப்பா நம்பர் இருந்தால் அப்பா நம்பர், அப்பா வெளிநாட்டில் இருந்தால் அண்ணன் நம்பர், கல்யாணம் ஆனால் புருஷன் நம்பர். என் கூடப் படித்த ஒருத்தி சுரண்டையில் துணிக்கடை நடத்துகிறாள். அவள் ஓடிபி இன்றைக்கும் துபாய்க்குத்தான் போகிறது. புருஷன் வேலை முடித்து வந்து போனைப் பார்த்த பிறகுதான் அவளால் சரக்குக்குப் பணம் கட்ட முடியும். அதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த எண் என் போனுக்கு வரவேண்டும். கேட்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமா என்று தோன்றலாம். மாதத்தில் பத்துப் பதினைந்து தடவை, சர்வருக்கும், வரைபடச் சேவைக்கும், எதற்கெடுத்தாலும் பணம் கட்டுகிற ஒருத்தி, ஒவ்வொரு தடவையும் மாடிப்படியில் இறங்கி ஓடிப் பார்க்கட்டும், அப்போது தெரியும்.

வெறுமனே எண்ணைச் சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை. அப்பா பத்திரம் எழுதுகிறவர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்து, முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் வீட்டையும் வயலையும் தாளில் எழுதியவர். முழுப் பத்திரத்தையும் உரக்கப் படித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்கமாட்டார். நான்கு எல்லையும் படிப்பார், கிணற்றில் பங்கு உண்டா என்பதையும் படிப்பார், கேட்கிறவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்தமாட்டார். இப்போது மேசைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். பழக்கம் குறையவில்லை. ஓடிபி வந்தால் சட்டைப்பையிலிருந்து போனை எடுப்பார். கண்ணாடியைத் துடைப்பார். போடுவார். பிறகு ஆரம்பிப்பார்.

"அன்புள்ள வாடிக்கையாளரே..."

"அப்பா, நம்பர மட்டும் சொல்லுங்க."

"ஏட்டி, இரு. என்ன ஏதுன்னு பாக்காம சொல்ல முடியுமா? இன்ன தொகை, இன்ன கம்பெனிக்கு. இது எந்த ஊர்க் கம்பெனி?"

"வெளிநாட்டுக் கம்பெனிப்பா."

"போன மாசமும் இதே ஆளுக்குத்தானே குடுத்த?"

"மாசாமாசம் குடுக்கணும்ப்பா. வாடகை மாதிரி."

"வாடகைன்னா ஒப்பந்தம் இருக்கணும்லா?"

இதற்குள் நேரம் முடிந்து, திரை என்னைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். நான் படிக்கட்டில் நின்று பல்லைக் கடிப்பேன். ஒருமுறை உள்ளாடை வாங்கினேன். கடையின் பெயரிலேயே அது என்ன கடை என்று தெரிந்துவிடும். அப்பா அந்தப் பெயர் வரைக்கும் படித்து, ஒரு கனைப்புக் கனைத்து, எண்ணைச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த மாதிரிச் சாமானெல்லாம் கடைத்தெருவுக்கு நடந்து போய்த்தான் வாங்கினேன். இணையத்தில் தொழில் செய்கிறவள் நான்!

மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். மூன்று தடவை வாயைத் திறந்தேன். "நாளைக்குப் போவோம்" என்றார். நாளைக்கு ஒரு கல்யாணம் வரும், மறுநாள் வங்கி விடுமுறை வரும். தனியாகப் போய் மாற்ற என்னால் முடியாதா என்ன? முடியும். ஆனால் அவருக்குத் தெரியாமல் செய்தால் முதுகுக்குப் பின்னால் செய்ததாகிவிடும். தெரிந்து செய்தால், உங்களை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். லாட்ஜுக்காரர்களிடம் எல்லாம் கறாராகப் பேசுகிற எனக்கு இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் சொல்ல வரவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து அவர் மேல்தான் காட்டினேன்.

அப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சீசன் வந்தது. சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று செய்தி போனதும் என் தளத்தில் ஆட்கள் குவிந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, சனி ஞாயிறுக்கான அறைகளைச் சரிபார்த்துக்கொண்டே மின்னஞ்சலைத் திறந்தேன். என் தளத்தின் பெயரைப் பதிந்து வைத்திருக்கிற வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து மூன்று கடிதங்கள், மூன்றும் நான் படிக்காதவை. இந்தப் பெயரை வருடத்துக்கொரு முறை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அது தானாகவே கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி போட்டு வைத்திருந்ததால் நான் மறந்தே போயிருந்தேன். பணம் எடுக்க முடியவில்லை என்றது முதல் கடிதம். மறுபடியும் முடியவில்லை என்றது இரண்டாவது. இன்று நள்ளிரவோடு முடிகிறது, அதன் பிறகு தளம் நின்றுவிடும் என்றது மூன்றாவது. நள்ளிரவு என்றால் அவர்கள் ஊர் நள்ளிரவு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நமக்கு அது பகல் பன்னிரண்டரை.

சீசன் சனிக்கிழமையில் தளம் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முன்பணம் கட்டிவிட்டு வந்து இறங்குகிற குடும்பத்துக்கு அறை எங்கே என்று காட்ட வழியிருக்காது. லாட்ஜுக்காரர்கள் ஒருமுறைதான் பொறுப்பார்கள், இரண்டாம் முறை பழையபடி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற தரகரிடம் போய்விடுவார்கள். பணம் கட்டுகிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

"அம்மா, அப்பா எங்க?"

"அருவிக்குப் போயிருக்காவ. தண்ணி நல்லா விழுதாம்லா."

"போன எடுக்க மாட்டேங்காவளே!"

"குளிக்கப் போற எடத்துல போன எப்படி எடுப்பாவ? சாயங்காலம் வந்துருவாவ. சேக்காளிக கூட புரோட்டா சாப்பிட்டுட்டுத்தான் வருவேன்னு சொன்னாவ."

சாயங்காலம்! ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் பத்து நிமிடப் பாதை. சீசன் வெள்ளிக்கிழமையில் அது பத்து நிமிடமாக இருக்காது. கேரளா வண்டிகள், வேன்கள், நடுரோட்டில் நின்று பலாச்சுளைக்கு விலை பேசுகிறவர்கள். ஹாரன் அடித்து அடித்துக் கட்டை விரல் வலித்தது. சாரல் முகத்தில் ஊசியாக அடித்தது. ஊரே அந்தச் சாரலை அனுபவிக்கத்தான் வருகிறது. நான் அதைத் திட்டிக்கொண்டே போனேன். வண்டியை நிறுத்தும்போது மணி பதினொன்றரையைத் தாண்டிவிட்டது.

அப்பாவை எங்கே போய்த் தேடுவது என்று எனக்குத் தெரியும். அவர் எப்போதும் ஒரே ஆளிடம்தான் எண்ணெய் தேய்த்துக்கொள்வார். பேரருவிக்குப் போகிற வழியில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார் அந்த மனிதர். எண்ணெய் தேய்த்துக்கொள்கிறவர்கள் சட்டை, பர்ஸ், கைக்கடிகாரம், போன் எல்லாவற்றையும் அவரிடம் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சீட்டு கிடையாது, பூட்டு கிடையாது. இத்தனை வருடத்தில் ஒரு பொருள் மாறியதில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வார். நான் போனபோது அந்த எண்ணெய்க்காரர் யாரோ ஒருவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வரிசையாக மூட்டைகள். அப்பாவின் கட்டம் போட்ட சட்டை எனக்குத் தெரிந்தது.

"அண்ணாச்சி, அந்த மூட்ட எங்கப்பாவோடது. போன மட்டும் எடுத்துக் குடுங்க, அவசரம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா நீங்க?"

"அவரு மக."

"இருக்கலாம். குடுத்த ஆளு கையிலதான் குடுப்பேன். வந்துருவாரு, உக்காருங்க."

"நீங்க குடுக்க வேண்டாம். இப்ப ஒரு மெசேஜ் வரும். அதுல ஒரு நம்பர் இருக்கும். அத மட்டும் படிச்சுச் சொல்லுங்க." சொல்லிக்கொண்டே என் போனில் பணம் கட்டும் பொத்தானை அழுத்தினேன். மூட்டைக்குள்ளிருந்து டிங் என்று சத்தம் கேட்டது. என் எண், என் கண் முன்னால், ஒரு சட்டைக்குள்.

அவர் எண்ணெய்க் கையைத் தூக்கிக் காட்டினார்.

"ஓடிபியா? யாருட்டயும் சொல்லாதீங்கன்னு தெனமும் போன்ல சொல்லுதான்லா. எனக்கு அந்தப் பாவம் வேண்டாம் தாயி."

அவர் மேல் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் அதிகமானது. ஆண்கள் குளிக்கிற பக்கம் நான் போக முடியாது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். நூறு தலைகள், எல்லாம் நனைந்த தலைகள், எல்லாம் அப்பா மாதிரியே இருந்தன. அருவிச் சத்தத்தில் நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. வரிசையில் நின்ற ஒருவரிடம் அப்பாவின் அடையாளத்தைச் சொல்லி அனுப்பினேன். போனவர் அருவியைப் பார்த்ததும் என்னை மறந்துவிட்டார் போலிருக்கிறது. பதினொன்று ஐம்பது. பலகைக்கும் கம்பிக்கும் நடுவே நடந்தேன். நகத்தைக் கடித்தேன். ஒரு லாட்ஜுக்காரர் போன் செய்தார், எடுக்கவில்லை.

பன்னிரண்டு பத்துக்கு அப்பா வந்தார். துண்டு கட்டி, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார்.

"நீயும் குளிக்க வந்தியா? தண்ணி அருமையா விழுது!"

"போன எடுங்கப்பா. ஓடிபி சொல்லுங்க. சீக்கிரம்!"

அவர் மூட்டையைப் பிரித்தார். சட்டையை உதறினார். கண்ணாடியைத் தேடி எடுத்து, ஈரத் துண்டில் துடைத்து, அது இன்னும் மங்கலாகி, சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் மறுபடி பொத்தானை அழுத்தினேன். டிங்.

"அன்புள்ள வாடிக்கையாளரே..."

"நம்பர மட்டும் சொல்லுங்கப்பா!"

நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா நிறுத்தவில்லை. தொகையைப் படித்தார், கம்பெனிப் பெயரை எழுத்துக் கூட்டினார். பெயரைப் படித்ததும் முகம் மாறி, போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, இவனுக்கா குடுக்கப்போற? இவன் கள்ளன். நாலு நாளைக்கு முன்னால, ஒன் கணக்குலேருந்து பணம் எடுக்கப்போறேன்னு இவந்தான் மெசேஜ் போட்டான். நான் முழுசாப் படிச்சேன். வேண்டாம்னா இத அமுக்குங்கன்னு போட்டிருந்தது. அமுக்கி விட்டுட்டேன். நான் பாக்கலேன்னா போயிருக்கும்."

பணம் எடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் கார்டு இல்லை, வங்கி இல்லை. என் தொழிலை நிறுத்தப் பார்த்தது என் அப்பாவின் கட்டைவிரல். அதுவும் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து.

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டேனே. அன்னைக்கு மாடில கத்தினேன், ஒரு மெசேஜ் வந்திருக்குன்னு. இப்ப முடியாதுப்பா, நீங்களே பாத்துக்கோங்கன்னுட்ட."

சொல்லியிருப்பேன். அப்படித்தான் எப்போதும் சொல்வேன். அதுவும் என் கோபத்தைக் கூட்டியது.

"அது என் கம்பெனிப் பேருக்கான பணம்! என் பணம்! அத வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?"

இதைக் கத்தித்தான் சொன்னேன். பலகையில் படுத்திருந்தவர்கூட எழுந்து உட்கார்ந்தார். எண்ணெய் தேய்க்கிறவர் வேறு பக்கம் பார்த்தார். அப்பா போனைப் பார்த்தார். நேரம் முடிந்த எண் அது. நான் மூன்றாவது முறை அழுத்தினேன். டிங். இந்த முறையும் முழுவதும் படித்தார், ஆனால் மெதுவான குரலில். கடைசியில் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னார். பச்சை நிறத்தில் திரை வந்தது. பன்னிரண்டு இருபத்தொன்று. தளம் பிழைத்தது.

நான் நன்றி சொல்லவில்லை. "இன்னைக்கே பேங்க்ல நம்பர மாத்துதேன்" என்று மட்டும் சொன்னேன். "சரி" என்றார். இத்தனை நாள் எனக்கு வராத வாக்கியம் அருவிக்கரையில், நாலு பேர் முன்னால், கெட்ட குரலில் வந்துவிட்டது. வண்டியை எடுத்து நேராகத் தென்காசிக்கு விட்டேன். வென்றுவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழியெல்லாம் துண்டோடு நின்ற அவர் முகம்தான் தெரிந்தது. கண்ணாடி மேல் தண்ணீர் சொட்டியதை அவர் துடைக்கக்கூட இல்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வண்டியைத் திருப்பவில்லை.

வங்கியில் கூட்டம் இருந்தது. டோக்கன் எடுத்து, உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருந்தேன். கவுன்டரில் இருந்த பெண் என் வயதுதான் இருப்பாள். படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பழைய நம்பர் யூஸ்ல இருக்கா?"

"இருக்கு. அப்பா நம்பர்."

"அப்படின்னா ஈஸி. அந்த நம்பருக்கு ஒரு ஓடிபி போகும். அத வாங்கிச் சொல்லிட்டீங்கன்னா இப்பவே மாறிரும். இல்லேன்னா படிவம் மேல போயி வரணும், நாளாகும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் நம்பரை எடுப்பதற்கும் அவர்தான் நம்பர் சொல்ல வேண்டும். நாளாகட்டும் என்று வந்துவிடலாமா என்று நினைத்தேன். வந்தால் இனி மாற்றவே மாட்டேன் என்றும் தெரிந்தது. அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் புரோட்டாக்கடைச் சத்தம் இல்லை. சேக்காளிகளோடு போகவில்லை, வீட்டுக்கு வந்திருந்தார்.

"அப்பா, ஒரு மெசேஜ் வந்திருக்கும்."

"வந்திருக்கு."

கண்ணாடி போடுவார், அன்புள்ள வாடிக்கையாளரே என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். இன்றைக்கு முழுவதையும் படிக்கட்டும், குறுக்கே பேசக்கூடாது என்று தீர்மானித்திருந்தேன். அவர் படிக்கவில்லை.

"ஏட்டி, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்கப்பா."

"அப்பன் சொத்துல எனக்குப் பங்கு வேண்டாம், அண்ணந்தம்பிக்கு விட்டுக்குடுக்கேன்னு எத்தனையோ பொம்பளப் பிள்ளைக கையெழுத்துப் போட்டிருக்கு எம் மேசையில. நான்தான் எழுதுவேன், நான்தான் படிச்சுக் காட்டுவேன். ஒண்ணு ரெண்டு பிள்ளைக அழும். நான் நிறுத்தாமப் படிப்பேன். ஒரு பொம்பளப் பிள்ளைக்கு நாம விட்டுக்குடுக்கோம்னு ஒரு ஆம்பள வந்து எழுதச் சொன்னதில்ல. இந்த நம்பர ஒனக்கு விட்டுக்குடுக்கத எப்படி எழுதணும்னு எனக்குத் தெரியல. அதான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன்." ஒரு கனைப்புக் கனைத்தார். "சரி, குறிச்சுக்கோ." ஆறு எண்ணையும் சொன்னார்.

கவுன்டர் பெண் விசைப்பலகையில் கை வைத்து என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்க மேடம், டைம் போயிட்டிருக்கு."

என் கையில் பேனா இருந்தது. படிவத்தின் ஓரத்தில் ஓர் எண்ணைக்கூட நான் எழுதியிருக்கவில்லை. அவர் சொன்னதில் முதல் எண்கூட ஞாபகத்தில் நிற்கவில்லை.

"அப்பா," என்றேன், "இன்னொரு தடவ சொல்லுங்கப்பா. மெதுவாச் சொல்லுங்க."